தீர்மான நோட்டில் இன்னொரு வரி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், வட்டி, வசூல் என்று பேசச் சொன்னால் நான் பயமில்லாமல் பேசுவேன். பன்னிரண்டு வருஷமாகக் குழுக் கணக்கு எழுதுகிறேன். இன்றைக்குப் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நான் ஒருமுறை தப்பு போட்டவள். அதைச் சொல்லத்தான் ஒத்துக்கொண்டேன்.

எனக்கு ரெண்டு பெண்கள். பெரியவள் எட்டாவது படிக்கும்போது ஒரு சாயந்தரம் வந்து, "அம்மா, ஏதோ உதவித்தொகைப் பரீட்சையாம். அம்பது ரூபா கட்டணும், கையெழுத்து போடணும்"னு சொன்னாள். நான் களை வெட்டிட்டு வந்த அலுப்பில், "அப்புறம் பாத்துக்கலாம் போ"ன்னுட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது.

நாலு வருஷம் கழித்துச் சின்னவள் அதே பரீட்சை எழுதித் தேறினாள். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு உன்கிட்ட அம்பது ரூபா இல்லையாம்மா?"

இருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், குழுச் சந்தாவுக்காக. அவளுக்கு என்ன பதில் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பரீட்சையை என்.எம்.எம்.எஸ். என்பார்கள். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஏழாவதில் 55 சதவீத மார்க் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். ரெண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். ஒன்று மூளைக்கு வேலை கொடுக்கிற கேள்விகள், மற்றது ஏழாவது எட்டாவது பாடம். தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். நாலு வருஷத்தில் 48,000 ரூபாய்.

நம்ம பாஷையில் சொல்கிறேன். வாரம் 50 ரூபாய் சந்தா கட்டுகிற நம்மில் ஒருத்தி 48,000 ரூபாய் சேர்க்கப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதைப் பிள்ளை ஒரு காலை நேரத்தில் சம்பாதித்துவிடலாம்.

தேறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு பேர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பேர் இருந்தால் பணம் நின்றுபோகும். பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேலே தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55. பிள்ளை ஜெயித்து, காகிதத்தில் நாம் தோற்கக் கூடாது.

அடுத்தது அரசு மாதிரிப் பள்ளி. 38 மாவட்டத்துக்கும் ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கேயே தங்கவைத்துப் படிக்க வைக்கிறார்கள். சாப்பாடு, விடுதி எதற்கும் பணம் இல்லை. டாக்டர், இன்ஜினியர், வக்கீல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகளுக்கும் பயிற்சி உண்டு.

எங்கள் குழு அக்கா ஒருத்தர் மகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த அக்கா அழுதுகொண்டே வந்தார். "வயசுக்கு வந்த பொண்ணை எப்படிம்மா தனியா விடறது? ஊர் என்ன பேசும்?" அவர் பயத்தை நாங்கள் யாரும் கேலி செய்யவில்லை. நாலு பேர் பஸ் ஏறிப் போய் விடுதியைப் பார்த்தோம். கக்கூஸ் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, ராத்திரி யார் காவல், வீட்டுக்கு எப்போது போன் பேசலாம், எல்லாம் கேட்டோம். அப்புறம்தான் அவருக்கு மனசு வந்தது. பெட்டி, பக்கெட், போர்வை வாங்க உள்கடன் கொடுத்தோம். அந்தக் கடன் ஒரு தவணைகூடத் தவறாமல் வந்தது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடம் கொஞ்சம்தான். தமிழ்நாடு முழுக்க என்.எம்.எம்.எஸ்.ஸில் தேறுகிறவர்கள் 6,695 பேர். மாதிரிப் பள்ளியிலும் எல்லோருக்கும் இடம் இல்லை. எழுதுகிற பிள்ளைகளில் அதிகம் பேருக்குக் கிடைக்காது. கிடைக்காத பிள்ளையை "அவளைப் பார்"னு ஒப்பிட்டுப் பேசாதீங்க. அந்தப் பிள்ளை நம்ம ஊர்ப் பள்ளியில்தான் படிக்கப் போகிறது. அந்தப் பள்ளி நன்றாக நடக்கணும். கணக்கு டீச்சர் இல்லையென்றால் கேட்கிற இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்த நாற்காலி நமக்காகத்தான் போட்டிருக்கிறது. போய் உட்காருங்க.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. கடன் வாங்கி நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன்னால் இதையும் யோசிங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பக்கத்துத் தெருப் பெண் அன்றைக்கே அந்தப் பரீட்சையை எழுதினாள். என் மகளைவிடக் குறைவாக மார்க் எடுக்கிறவள்தான். அவள் அப்பா பேப்பர் படிக்கிறவர், தேதி தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூட நோட்டீஸ் பலகையில் ஒட்டுகிற சேதி களத்துமேட்டுக்கு வந்து சேருவதில்லை. நாம் கொண்டுவந்து சேர்க்கலாம்.

ஜூன் மாதக் கூட்டத்தில் சந்தா, கடன் எல்லாம் எழுதிய பிறகு தீர்மான நோட்டில் இன்னொரு வரி எழுதுங்க: நம்ம குழுவில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் யார் யார்? பேர் எழுதி, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடிங்க. இல்லாததை அந்த மாதமே இ-சேவை மையத்தில் போடுங்க. மாதம் ஒருத்தர் பள்ளிக்குப் போய் என்ன தேர்வு வருகிறது, கடைசித் தேதி என்ன என்று கேட்டு வந்து கூட்டத்தில் சொல்லட்டும்.

எங்கள் குழுவில் இப்போது அந்த வேலையைச் செய்வது என் பெரிய மகள்தான். பிள்ளைகள் பேரை அவள்தான் எழுதுகிறாள். அம்பது ரூபாய் இல்லை என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், அவளே கட்டிவிட்டு வந்து என்னிடம் வாங்கிக்கொள்கிறாள். நானும் கணக்குக் கேட்பதில்லை.