பெயரும் முகவரியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவரைப் பற்றி வினவுங்கால் ஊரும் பேரும் கேட்பது தமிழர் வழக்கு. பேர் மட்டும் எழுதி ஊர் எழுதாத மடல் உரியவர் கையில் சேர்வதில்லை. இணையத்திலும் இதுவே நிலை. அங்கே பேர் என்பது டொமைன் எனப்படும் களப்பெயர். ஊர் என்பது எண்களால் ஆகிய முகவரி. மாந்தர் பேரை நினைவிற் கொள்வர். கணிப்பொறியோ எண்ணைக் கொண்டே வழி காணும். இவ்விரண்டையும் இணைத்துவைக்கும் பதிவேட்டு முறையே டி.என்.எஸ். எனப்படுவது.

ஓர் இலக்கிய வட்டம் தனக்கெனப் பெயர் பெற்று வலைத்தளம் அமைத்த பின்னரும், அப்பெயர் தளத்தைச் சென்று சேராது நிற்பதுண்டு. அவ்வேளையில் பதிவுகளை எம்முறையில் ஆராய்வது, பிழையை எங்கே தேடுவது என்பனவே இவ்வுரையின் பொருள். கவிதைக்குரிய மேடையில் இதற்கென்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். பத்தாண்டுக் கவிதைகள் அனைத்தும் ஒரு பெயரின் பின்னே நிற்குமாயின், அப்பெயரைப் பேணுவதும் கவிதையைப் பேணுவதன் ஒரு கூறேயாகும்.

பதிவேட்டின் அமைப்பு

தொடக்கக் காலத்தில் இணைப்பிலிருந்த கணிப்பொறிகளின் பெயர்கள் யாவும் ஒரே பட்டியலில் அடங்கின. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனம் அப்பட்டியலைப் பேணியது. ஏனையோர் அதனைப் படியெடுத்துக் கொண்டனர். பெயர்கள் பெருகப் பெருக அம்முறை தளர்ந்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் புதிய முறை ஒன்றை வகுத்தார். 1987-இல் திருத்தம் பெற்ற அவ்வமைப்பே இன்றளவும் அடிப்படையாக நின்று நிலவுகின்றது.

அதன் நுட்பம் எளியது: எல்லாப் பெயர்களையும் அறிந்தவர் ஒருவரும் இலர், அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் அறிவர். வெளியூரார் ஒருவர் முதலில் மாவட்டத்தையும், பின்னர் ஊரையும், ஊருக்குள் தெருவையும் கேட்டு வீட்டை அடைவது போன்றது இது. உச்சியில் 13 பெயர்களைக் கொண்ட வேர் வழங்கிகள் உள்ளன. அவை 'காம்', 'ஆர்க்', 'இன்' போன்ற ஈறுகளுக்கு உரியவரைச் சுட்டும். ஈற்றுக்கு உரியவர் குறித்த பெயருக்குரிய பெயர் வழங்கிகளைச் சுட்டுவர். அவ்வழங்கிகளே இறுதியாக முகவரியைத் தரும். வழி இவ்வாறு படிப்படியாக அமைந்திருத்தலின், பிழை தேடுவோரும் மேலிருந்து கீழாகப் படிப்படியாகவே வருதல் வேண்டும். நடுவில் நின்றுகொண்டு தோன்றியதை எல்லாம் மாற்றுபவர், ஒரு பிழையை மூன்றாக்குவர்.

முதல் ஆய்வு: பெயர் நடப்பில் உள்ளதா?

களப்பெயரை 'வாங்கிவிட்டோம்' என்பது பேச்சுவழக்கு. உண்மையில் அது குறித்த காலத்துக்குப் பதிந்து வைப்பதே. காலக்கெடு முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும். 1999-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'பாஸ்போர்ட்.காம்' என்னும் தன் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. அப்பெயரைச் சார்ந்திருந்த ஹாட்மெயில் அஞ்சலுள் பயனர் பலர் நுழைய இயலவில்லை. நிறுவனத்தோடு தொடர்பற்ற நிரலாளர் ஒருவர் தம் கைப்பொருளிலிருந்து 35 டாலர் செலுத்திப் பெயரைப் புதுப்பித்த பின்னரே இடர் நீங்கத் தொடங்கியது. உலகப் பெரு நிறுவனத்துக்கே மறதி நேர்ந்ததெனில், சந்தாவை நம்பி வாழும் இலக்கிய வட்டத்துக்கு நேர்வது வியப்பன்று.

ஆகலின் முதற்கண் பார்க்க வேண்டியது பதிவு விவரம். 'ஹூ ஈஸ்' என்னும் பழைய முறையில் பல்லாண்டு பார்த்து வந்தனர். 'காம்', 'ஆர்க்' போன்ற பொது ஈறுகளுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்.டி.ஏ.பி. என்னும் முறை அதன் இடத்தைப் பெற்றுள்ளது. அவ்விவரத்தில் காலக்கெடு, பெயரின் நிலை, பெயர் வழங்கிகள் ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும். நிலையில் 'ஹோல்டு' என்னும் சொல் காணப்படின் பெயர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்பது பொருள். புதிதாய்ப் பெயர் பதிந்தோர் மின்னஞ்சல் முகவரியை 15 நாளுக்குள் உறுதி செய்யாமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

இரண்டாம் ஆய்வு: பொறுப்பு யாரிடம்?

பெயரைப் பதிந்த இடம் ஒன்று; தளம் இருக்கும் இடம் மற்றொன்று; பதிவேட்டைப் பேணும் இடம் வேறொன்றாகவும் இருக்கலாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது. பதிவாளரின் பக்கத்தில் ஒருவர் நாள் முழுதும் திருத்தம் செய்கிறார்; பெயர் வழங்கிகளோ தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. செய்த திருத்தம் அனைத்தும் எவரும் படிக்காத ஏட்டில் எழுதியவை ஆகின்றன.

இதனைக் கண்டறியக் கருவிகள் உள. ஆங்கிலத்தில் அகழ்தலைக் குறிக்கும் 'டிக்' என்பது அவற்றுள் சிறந்தது. விண்டோஸ் கணிப்பொறியில் 'என்.எஸ்.லுக்கப்' என்பது முன்னரே அமைந்திருக்கும். 'டிக்' கருவியிடம் 'டிரேஸ்' என்னும் குறிப்போடு வினவினால், வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியும் யாரைச் சுட்டுகின்றது என வரிவரியாகக் காட்டும். மேற்படி சுட்டும் பெயர் வழங்கிகளும், அவ்வழங்கிகள் தம்மைப் பற்றித் தாமே கூறும் என்.எஸ். பதிவுகளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் பிழையின் இருப்பிடம் அதுவே.

மூன்றாம் ஆய்வு: பதிவுகள்

பொறுப்புடைய ஏடு இன்னதெனத் தெளிந்த பின்னரே அதன் வரிகளைப் படித்தல் தகும். 'ஏ' பதிவு நான்கு எண்களாலாகிய முகவரியைத் தரும். 'நான்கு ஏ' பதிவு நீண்ட புதிய முகவரியைத் தரும். தளத்தை இடம் மாற்றுவோர் முன்னதைத் திருத்திப் பின்னதை மறந்துவிடுவதுண்டு. அப்போது ஒருவர் வீட்டில் புதிய தளமும் மற்றொருவர் வீட்டில் பழைய தளமும் தோன்றும். இருவரும் தாம் கண்டதே மெய்யென வழக்காடுவர்.

'சி-நேம்' என்பது ஒரு பெயரை மற்றொரு பெயருக்கு மறுபெயராக்கும் பதிவு. அஃது இருக்குமிடத்தில் வேறு பதிவு இருத்தல் கூடாது என்பது விதி. முன்னொட்டு ஏதுமற்ற முதற்பெயரில் என்.எஸ். போன்ற பதிவுகள் கட்டாயம் இருத்தலின் அங்கே 'சி-நேம்' இட இயலாது. 'டபிள்யூ' மூன்றுடன் கூடிய பெயர் திறந்து, அவையின்றி எழுதிய பெயர் திறவாமை இதனாலும் நேரும். இரண்டும் தனித்தனிப் பெயர்கள். இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

எம்.எக்ஸ். பதிவு மின்னஞ்சல் சேரும் இடத்தைக் குறிப்பது. பெயர் வழங்கியை மாற்றுவோர் பழைய ஏட்டிலிருந்த இவ்வரியைப் புதிய ஏட்டில் படியெடுக்கத் தவறினால், தளம் அழகுறத் திறக்கும். கவிஞர்கள் மலருக்கு அனுப்பும் படைப்புகளோ வந்து சேரா. தளத்தைக் கண்டு மகிழ்ந்திருப்போர் இவ்விழப்பை அறியவும் மாட்டார். ஆகவே மாற்றத்துக்கு முன் பழைய ஏட்டின் வரி ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொள்வது தலையாய கடமை.

புள்ளியின் செய்தியையும் ஈண்டுச் சொல்லுதல் தகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தமிழ் இலக்கணம். 'கல்' என்பதில் புள்ளி விடுபட்டால் 'கல' என்றாகிவிடும். டி.என்.எஸ். ஏட்டைக் கையால் எழுதுவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். முழுப்பெயரின் இறுதியில் புள்ளி இடாவிட்டால், அப்பெயர் முடியவில்லை எனக் கருதி வழங்கி தன் களப்பெயரையும் அதன் பின்னே ஒட்டிவிடும். விடையில் ஒரே பெயர் இருமுறை அடுக்கி வருமாயின், புள்ளி விடுபட்டது என உணரலாம்.

விடையின் பொருள்

'கிடைக்கவில்லை' என்னும் ஒரே சொல்லால் பல நிலைகளைக் குறிப்பது தவறு. 'என்.எக்ஸ்.டொமைன்' என்னும் விடை, அப்படி ஒரு பெயரே இல்லை என்பது. பிழையின்றி வெற்று விடை வருதல், பெயர் உண்டு, கேட்ட வகைப் பதிவு இல்லை என்பது. 'செர்வ்பெயில்' என்பது, விடை தேடிச் சென்றவர் அதனைப் பெற்றுத் தர இயலவில்லை என்பது. முன்னிரண்டும் ஏட்டின் உள்ளடக்கத்தைப் பற்றியன. பின்னது ஏட்டை அடையும் வழியையோ அதன் நம்பகத்தையோ பற்றியது. டி.என்.எஸ்.செக். எனப்படும் கையொப்ப முறையைப் பழைய இடத்தில் நீக்காமல் பெயர் வழங்கியை மாற்றுவோர் இம்மூன்றாம் விடையால் அல்லலுறுவர். மேலிடம் பழைய கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்க, புதிய ஏடு அஃதின்றி வருதலே காரணம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தளத்தின் பக்கம் காணப்படவில்லை எனச் சுட்டும் 404 என்னும் எண் தோன்றினால், ஏதோ ஒரு வழங்கி விடை தந்துவிட்டது. அது கருதிய வழங்கியேயாயின் டி.என்.எஸ். தன் பணியை முடித்துவிட்டது. அதன் பின்னும் பதிவுகளைத் திருத்துவது, தலைவலிக்குக் காலில் பற்றுப் போடுவதை ஒக்கும்.

காலம்

திருத்தம் சரியாயினும் உடனே பயன் தெரிவதில்லை. 'உலகெங்கும் பரவ நாளாகும்' எனக் கூறுவர். பரவுதல் என ஒன்று நிகழ்வதில்லை. வினவிய வழங்கிகள் பழைய விடையை நினைவில் வைத்துள்ளன. அந்நினைவு காலாவதியாகும் வரை பழையதையே உரைக்கின்றன. அக்கால அளவை டி.டி.எல். என்னும் எண் நொடிக் கணக்கில் குறிக்கும். 86400 என்றிருப்பின் ஒரு நாள். 300 என்றிருப்பின் ஐந்து நிமிடம். ஆதலின் தளத்தை மாற்ற எண்ணுவோர், பழைய அளவு ஒரு நாளாயின் குறைந்தது ஒரு நாள் முன்னரே அதனை 300 ஆக்கி வைத்தல் வேண்டும். மாற்றிய பின் குறைப்பதால் உடனடிப் பயனில்லை. 'இல்லை' என்னும் விடையும் நினைவில் வைக்கப்படும். பதிவை இடுமுன்னரே ஆர்வத்தால் பலமுறை வினவுவோர்க்குத் தாமதம் நேர்வது இதனால்தான்.

உண்மை அறிய வேண்டின் பொறுப்புடைய பெயர் வழங்கியை நேரே வினவுதல் வேண்டும். அது புதியதைக் கூறின் பொறுத்திருத்தலே செயல். அது பழையதைக் கூறின் திருத்தம் ஏட்டில் ஏறவே இல்லை.

தமிழிற் பெயர்

2007-இல் பிறமொழி எழுத்துக்களை வேர் ஏட்டில் சோதித்தபோது இடம்பெற்ற 11 சோதனை ஈறுகளுள் தமிழில் அமைந்த 'பரிட்சை' என்பதும் ஒன்று. அச்சோதனை ஈறுகள் பின்னர் நீக்கப்பட்டன. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈறுகள் நிலையான இடம் பெற்றன.

ஆயினும் ஏட்டின் உள்ளே தமிழெழுத்து அவ்வாறே நிற்பதில்லை. எக்ஸ், என் என்னும் இரு ரோமன் எழுத்துக்களும் இரு சிறுகோடுகளும் முன்வர, மாற்றுவடிவில் எழுதப்படும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு தமிழ்ப் பெயர்கள் உள்ளே வேறாதலும் உண்டு. 'ஔ' என்னும் உயிரெழுத்து ஒன்று. 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து நிற்பது மற்றொன்று. 'ஔவை' எனப் பெயர் பதிந்தவர் தேடுமிடத்தில் மற்றொரு வகையில் தட்டினால் வேறொரு வாசலில் நிற்பார். தமிழ்ப் பெயரை ஆராய்வோர் அதன் மாற்றுவடிவையும் எழுதிவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடல் நலம்.

முடிவாக

இதுகாறும் கூறியவற்றுள் கருவியின் குற்றம் மிகச் சில. மறதி, இரு ஏடுகளை ஒன்றெனக் கருதுதல், பொறுமையின்மை ஆகிய மாந்தர் குற்றங்களே பல. எனவே பெயரைப் பேணுவதற்குரிய முதல் வழி கணிப்பொறிக்கு வெளியே உள்ளது. பெயர் செயலாளர் ஒருவரின் தனிக் கணக்கில் இராமல் வட்டத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பதிவாளர் யார், காலக்கெடு என்று, பெயர் வழங்கிகள் யாவை, பதிவுகள் எவை என ஒரு தாளில் எழுதி, வரவு செலவுக் கணக்கோடு ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் வைத்தல் வேண்டும்.

அச்சிட்ட மலரின் பின்னட்டையில் வலைத்தளத்தின் பெயரும் ஏறுகின்றது. வலையில் உள்ள பிழையைத் திருத்தலாம். நூலகத்திலும் உறுப்பினர் இல்லங்களிலும் சேர்ந்துவிட்ட அட்டையைத் திருத்த இயலாது. புதுப்பிக்கத் தவறிய பெயரைப் பிறர் எவரும் பதிந்துகொள்ளலாம். இருபது ஆண்டு கழித்து ஓர் இளங்கவிஞர் இம்மலரைக் கையிலெடுத்து அப்பெயரைத் தட்டுவார். அவர் சென்று சேர்வது கவிதைகளின் வாசலா, அயலாரின் கடையா என்பது, ஆண்டுக்கு ஒருமுறை அத்தாளைப் படித்துப் பார்ப்பவரின் கையில் உள்ளது.