கூந்தலும் உத்தியோகமும்

ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணிடம் மேலதிகாரி எவற்றையெல்லாம் கேட்கலாம்? நேரத்தில் வரவேண்டும், தூய்மையாக உடுத்தவேண்டும், நாடி வந்தவரிடம் இன்சொல் கூறவேண்டும். இவற்றை எவரும் மறுக்கமாட்டார். உன் தலைமயிர் வேறு விதமாக இருக்கவேண்டும் என்று கேட்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பினப் பெண்கள் பல்லாண்டுகளாகத் தங்கள் நாட்டு நீதிமன்றங்களில் எழுப்பிவரும் வினா இது.

அவர்களிற் பெரும்பாலோரின் முடி நெருங்கிச் சுருண்டு, தொங்காமல் மேல்நோக்கி எழுந்து வளரும் இயல்புடையது. அதனைத் தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிக்கொள்வது ஆப்பிரிக்காவிலிருந்து வழிவழியாக வந்த கைத்திறன். பின்னிவிட்டால் சிக்கு விழாது, முடி முறியாது. இதை நேயர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. காலை வேளையில் மகளை முன்னே உட்காரவைத்துப் பின்னல் போடாத தாய் நம்மில் யார்?

ரெனே ரோஜர்ஸ் என்பவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியில் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் பணியாற்றியவர். பிரயாணிகளை வரவேற்பதும், சீட்டு வழங்குவதும், பெட்டிகளைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. அவர் இவ்வாறு பின்னிக்கொண்டு வேலைக்கு வந்தார். தலை முழுதும் பின்னல் கூடாது என்றது கம்பெனியின் விதி. பின்னலைக் கொண்டையாக முடிந்து, வேலை நேரத்தில் அதன்மேல் சவுரி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் சொல்லப்பட்டது. அதனால் பொறுக்க முடியாத தலைவலி வருகிறது என்றார் அவர். வழக்கை விசாரித்த நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றமோ, அப்படியானால் இன்னும் பெரிய சவுரி வைத்துக்கொள்ளலாமே என்று 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதிவைத்தது!

வேலையில் இன வேற்றுமை பாராட்டலாகாது என்று 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. ஆயினும் அந்த விதி அச்சட்டத்துக்கு முரணன்று என நீதிமன்றம் முடிவு செய்தது. காரணம் யாது? தோலின் நிறத்தை மாற்ற முடியாது, பின்னலை எளிதில் மாற்றலாம் என்பது ஒன்று. விதி எல்லா இனத்தவருக்கும் ஒன்றுபோல உரியது என்பது மற்றொன்று. போதாக்குறைக்கு, 1979இல் வந்த ஒரு திரைப்படத்தில் வெள்ளை நடிகை ஒருவர் இப்பின்னலை அணிந்து பிரசித்தமாக்கியதையும் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. பாட்டி முப்பாட்டி காலத்துப் பின்னலுக்கு ஒரு நடிகையா உரிமையாளர்?

எல்லாருக்கும் ஒரே விதி என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், முடி தானாகவே நேராக வீழ்கின்றவள் அந்த விதிக்காக ஒரு சிறு முயற்சியும் செய்யவேண்டியதில்லை. சுருள்முடி உடையவளோ சூடேற்றிய சீப்பையோ இரசாயனப் பசையையோ தேடவேண்டும். அப்பசைகள் பலவற்றில் இருப்பது, சோப்புக் காய்ச்சப் பயன்படும் காஸ்டிக் சோடா. தலைத்தோலில் பட்டால் வெந்துவிடும். 2022இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சியாளர்கள் முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவிகிதத்தினருக்கு எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும்; அடிக்கடி பயன்படுத்துவோரில் அது 4.05 சதவிகிதம் என்று கணக்கிட்டார்கள். பசைதான் நோய்க்குக் காரணம் என்று இதனால் அறுதியிட்டுவிட முடியாது. எனினும், 'எளிதில் மாற்றலாம்' என்ற சொல்லை நீதிபதிகள் இத்துணை எளிதாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் 2010இல் நடந்தது இதனினும் விசித்திரமானது. ஒரு கம்பெனி சடைமுடியுடன் வந்த இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. பின்னர், சடைமுடி நாளடைவில் அலங்கோலமாகிவிடும், அதை வெட்டினால்தான் வேலை என்று கூறிவிட்டது. அவளுடைய முடி அலங்கோலமாக இருந்ததாக அப்போது யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலையோ தொலைபேசியில் வாடிக்கைக்காரருக்குப் பதில் சொல்வது! இப்போது என் குரலைக் கேட்கும் உங்களுக்கு என் தலை எப்படி வாரப்பட்டிருக்கிறது என்பதில் என்ன கவலை? இவ்வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் கம்பெனியின் பக்கமே தீர்ப்புச் சொல்லியது. 2018இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

நீதிமன்றங்களில் திறவாத கதவைச் சட்டசபைகளில் தட்டினார்கள். 2019இல் கலிபோர்னியா மாநிலம் முதன்முதலாக, முடியின் இயல்பும் பின்னலும் சடையும் இனம் என்ற சொல்லில் அடங்கும் என்று சட்டம் இயற்றியது. மகுடம் என்று பொருள்படும் கிரௌன் என்பது அதற்கிட்ட பெயர். அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. நாடு முழுவதற்குமான மசோதாவைக் கீழ்ச்சபை 2020இலும் 2022இலும் நிறைவேற்றியது; செனட் சபையில் இரு முறையும் அது நிறைவேறவில்லை. ஆகவே, சொந்த மாநிலத்தில் பின்னலோடு அச்சமின்றி வேலைக்குச் சென்ற பெண், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும்போது வீட்டு வாடகையோடு அவ்வூர்ச் சட்டத்தையும் விசாரித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டியிருக்கிறது.