ஓய்வுக்குப் பின் இல்லறம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாது கூடித் தமிழ் வளர்த்து வரும் இவ்வட்டத்தின் விழாவில் ஏதேனும் ஒரு சங்கநூலைப் பற்றிப் பேசுமாறுதான் என்னைக் கேட்டிருந்தார்கள். நான் வேறொரு தலைப்பைக் கேட்டுப் பெற்றேன். இலக்கியக் கூட்டங்களின் முன்வரிசையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவள் நான். அங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். நாம் இத்தனை நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் இங்கிருந்து திரும்பிச் செல்லும் வீட்டைப் பற்றி எப்போதேனும் பேசியிருக்கிறோமா? அந்த எண்ணமே இவ்வுரைக்குத் தோற்றுவாய்.

கிழவன், கிழத்தி

தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்னும் சொற்கள் முதியவரைக் குறிப்பன அல்ல. கிழமை என்றால் உரிமை. உரிமையுடையவன் கிழவன், உரிமையுடையவள் கிழத்தி. காலப்போக்கில் அச்சொற்கள் மூப்பைக் குறிக்கலாயின. இன்று யாரையேனும் கிழவன் என்று அழைத்தால் அது வசையாகவே கொள்ளப்படும். உரிமையைச் சுட்டிய சொல் உரிமை இழந்தவரைச் சுட்டும் சொல்லாக மாறிவிட்டது. சொற்பொருள் மாற்றம் மொழியியலில் இயல்பானதே. எனினும் இந்த ஒரு மாற்றத்தில் நம் குடும்ப வரலாறும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே தொல்காப்பியம் கற்பியலின் இறுதிப் பகுதியில் வாழ்வின் பிற்பருவத்துக்கும் இடம் தருகிறது. இன்பம் துய்த்து முதிர்ந்த காலத்தில், மக்களோடும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயில்வதே கழிந்த வாழ்வின் பயன் என்பது அந்நூற்பாவின் கருத்து. இங்கே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பயில்பவர் இருவர். தலைவன் மட்டும் பயில, தலைவி அவனுக்குச் சோறு சமைத்துக் கொண்டிருப்பாள் என்று ஆசிரியர் கூறவில்லை.

திருவள்ளுவரோ தம் நூலைக் கடவுள் வாழ்த்தில் தொடங்கி ஊடலுவகையில் முடிக்கிறார். இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியனவே. உணவுக்கு உப்புப் போன்றது ஊடல் என்றும், அளவு கடந்தால் சுவை கெடும் என்றும் கருத்துரைக்கிறார். அவர் பாடியது இளையோரின் ஊடலை. முதியோர் இல்லத்து ஊடலில் உப்பு உவமையாக வருவதில்லை. உப்பே பொருளாக வந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். குறைத்தால் கணவர் முகம் சுளிக்கிறார். குறைக்காவிட்டால் மகள் தொலைபேசியில் கடிந்துகொள்கிறாள். இரண்டு பழியும் ஒருத்தி தலையிலேயே விழுகின்றன.

பாவேந்தரும் ஒரு நாடகமும்

பிற்காலத்தில் இப்பொருளை நேர்நின்று பாடியவர் பாவேந்தர் பாரதிதாசன். குடும்ப விளக்கின் முதற்பகுதி 1942இல் வெளிவந்தது. அதில் தங்கம் என்னும் இல்லத்தலைவியின் ஒருநாள் வாழ்க்கை, விடியல் தொடங்கி இரவு வரை காட்டப்படுகிறது. அதே தங்கத்தையும் அவள் கணவர் மணவழகரையும் முதுமைப் பருவத்தில் காட்டும் ஐந்தாம் பகுதிக்கு 'முதியோர் காதல்' என்று பெயரிட்டார் கவிஞர். அப்பகுதி 1950இல் வெளிவந்தது. காதல் என்னும் சொல்லை முதியோருக்கு உரியதாக்கியதே ஒரு புரட்சி. உடலின் வனப்பெல்லாம் நீங்கிய பின்னரும் துணையின் இருப்பே இன்பமாக அமைவதை அவர் காட்டியிருப்பது, படிக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

பாவேந்தர் காட்டியது நிறைவான முதுமை. அதன் மறுபக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தது சுந்தரம் எழுதிய 'வியட்நாம் வீடு' நாடகம். 1970இல் அது திரைப்படமாகவும் வந்தது. சிவாஜி கணேசன் ஏற்ற பிரெஸ்டிஜ் பத்மநாபனை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பதவியோடு சேர்த்து வீட்டில் தம் சொல்லுக்கிருந்த மதிப்பும் போய்விட்டதை உணர்ந்து அவர் கலங்கும் இடங்களில் அரங்கமே கண்கலங்கியது. நானும் அழுதவள்தான். ஆனால் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது என் கண் பத்மினி ஏற்ற சாவித்திரியின் மீது சென்றது. ஓய்வு பெற்ற கணவரின் துயரத்தையும் பிள்ளைகளின் போக்கையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் அந்தப் பெண்மணிக்கு ஓய்வு நாள் எது என்று யாரேனும் கேட்டோமா?

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. நடுவணரசு ஊழியருக்கு 1998இலேயே 60 ஆயிற்று. இந்த ஆணைகளில் எதுவும் அடுப்படிக்குள் நுழைந்ததில்லை.

நான் கண்ட ஓர் இல்லம்

பிறர் வீட்டைப் பற்றிப் பேசுவது முறையன்று. ஆதலால் என் பெற்றோர் இல்லத்தைப் பற்றியே சொல்கிறேன்.

என் தந்தையார் கணித ஆசிரியர். 2006ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றார். பள்ளியில் பொன்னாடை போர்த்திச் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்து, வேனில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். வந்தவர்கள் நாற்பது பேர். அத்தனை பேருக்கும் அம்மா கேசரியும் காப்பியும் கொடுத்தார். எல்லோரும் சென்றபின், அப்பா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அம்மா கொல்லைப்புறத்தில் நாற்பது டம்ளர்களையும் கழுவிக் கொண்டிருந்தார்.

அடுத்த நாள் முதல் அப்பா வீட்டிலேயே இருந்தார். பத்து மணிக்கு இரண்டாவது காப்பி, பன்னிரண்டுக்கு மோர், மூன்று மணிக்கு, "கொறிக்க ஏதாவது இருக்கிறதா?" என்னும் கேள்வி. இடைப்பட்ட நேரத்தில் அடுக்களையை மேற்பார்வையிடத் தொடங்கினார். எரிவாயு உருளை மாற்றிய தேதியைச் சுவரில் எழுதினார். பால் கணக்கைத் திருத்தினார். துவரம்பருப்பு டப்பாவுக்கும் கடலைப்பருப்பு டப்பாவுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினார். முப்பது ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவந்த டப்பாக்களுக்கு!

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். நூலகப் புத்தகம் எடுப்பதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். "முன்பெல்லாம் உன் அப்பா பள்ளிக்குப் போனால், பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை என் நேரம். இப்போது அது அவருடைய நேரமாகிவிட்டது" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. ஓய்வு பெற்ற ஆடவர் தம் பதவியை இழக்கிறார். அதே நாளில் அவருடைய மனைவி தம் தனிமையை இழக்கிறார். முன்னதற்கு மாலையும் பாராட்டுரையும் உண்டு. பின்னது இழப்பு என்றுகூட யாருக்கும் தெரிவதில்லை. அப்பாவின் மீதும் நான் குறை கூறமாட்டேன். மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் இடைவேளை என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். மணியே அடிக்காத ஒரு நாளை என்ன செய்வதென்று அவருக்கு எவரும் கற்றுத்தரவில்லை. பருப்பு டப்பாவில் பெயர்ச்சீட்டு ஒட்டிய கை, வேலையின்றித் தவித்த கை.

இரு முனையிலும் எழுதிய நோட்டு

2011இல் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. நான் கல்லூரிப் பணியில் வெளியூரில் இருந்தேன். அப்பா முதன்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா அடுக்களை வாசலில் முக்காலி போட்டு அமர்ந்து வழி சொன்னார்.

"புளி எவ்வளவு?" என்று கேட்டார் கணித ஆசிரியர்.

"ஒரு எலுமிச்சை அளவு."

"பெருங்காயம்?"

"கண்ணளவுதான், இதற்கெல்லாம் கணக்கா?"

அப்பாவுக்குக் கண்ணளவு என்பது புரியவில்லை. ஒரு நோட்டை எடுத்து, உப்பு இத்தனை தேக்கரண்டி, மிளகு இத்தனை தேக்கரண்டி என்று எழுதிக்கொண்டார். முதல் நாள் ரசம் கடுத்தது. மூன்றாம் நாள் அம்மா வாய் திறக்காமல் சாப்பிட்டார். பத்தாம் நாள், "இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்றார். அப்பா எனக்கு அன்றிரவு தொலைபேசியில் முதலில் சொன்ன செய்தி அதுதான். கட்டுப் பிரித்த பின்னரும் காலைக் காப்பி அப்பாவின் பொறுப்பாகவே நிலைத்துவிட்டது. பகல் பதினொரு மணிக்கு அவர் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். அம்மாவுக்குரிய புத்தகத்தையும் அவரே எடுத்துவந்தார்.

அந்த ஆறு வாரங்களில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மருத்துவச் செலவுக்கு வங்கியிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தை அப்பா நிரப்பிக் கொண்டிருந்தபோது, "இதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு உப்பு டப்பா தெரியாமல் இருந்தது, எனக்குப் பாஸ்புத்தகம் தெரியாமல் இருக்கிறது" என்றாராம் அம்மா. அப்பா அந்த நோட்டையே திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வங்கிக் கணக்கு எண், வீட்டுவரி கட்டும் மாதம், ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று அளிக்கவேண்டிய முறை என வரிசையாக எழுதினார். எழுதும்போதுதான் ஒரு பிழை கண்ணில் பட்டது. கொடுப்பாணையில் அம்மாவின் பெயர் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. திருத்தம் பெறப் பலமுறை அலுவலகப் படியேறினார். நாற்பதாண்டு இல்லறத்தில் மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தது அதுவே முதல்முறை என்று பிறகு அவரே நகைத்தார்.

இதனால் அவ்வீட்டில் பூசல் ஒழிந்துவிட்டது என்று எண்ணவேண்டா. மின்விசிறியின் வேகம், தொலைக்காட்சியின் ஒலி, வாசற்கதவைத் தாழிட்டது யார் என்பன பற்றி நாள்தோறும் வழக்கு நடந்தது. உப்பு வழக்கு இறுதிவரை தீரவில்லை. ஆனால் முன்னர் ஒருவர் பேச, ஒருவர் பொறுத்துக்கொண்டார். பின்னர் இருவரும் பேசினார்கள். வள்ளுவர் சொன்ன ஊடலுக்கும் வெறும் பூசலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று நான் கருதுகிறேன். ஊடுவதற்கு இருவருக்கும் கிழமை வேண்டும்.

2018இல் அப்பா மறைந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்குரிய படிவங்களைத் தாமே வரிசைப்படுத்தினார். அலுவலகத்தில் அவர் பெயரில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பெயர் பொருந்தாமையால் மாதக்கணக்கில் அலைந்த பெண்மணிகளை நான் அறிவேன். கணவர் இருந்தவரை வங்கி வாசலை மிதித்தறியாமல், துயரத்தின் நடுவே கையெழுத்திடப் பழகியவர்களையும் அறிவேன். அவர்களின் கணவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். 'அவளுக்கு எதற்கு இந்தத் தொல்லை' என்று அன்பினாலேயே மறைத்தவர்கள். அந்த அன்பு போதாது என்பதே என் கருத்து.

நிறைவாக

இந்திய நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10 கோடிக்கும் மேற்பட்டோர். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007இல் சட்டமும் வந்துள்ளது. பிள்ளைகள் பெற்றோரைப் பேணவேண்டும் என்று சட்டம் சொல்லலாம். முதியவர் இருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு பேணுவது என்பதை எச்சட்டமும் சொல்ல இயலாது. அதைத்தான் தொல்காப்பியர் 'பயிற்றல்' என்றார். பயிற்சி என்பது நாள்தோறும் செய்வது. தவறிச் செய்து, திருத்திச் செய்வது. அறுபது வயதில் ரசம் வைக்கக் கற்பதும், ஐம்பத்தைந்தில் வங்கிப் படிவம் நிரப்பக் கற்பதும் அப்பயிற்சியில் அடங்கும்.

தொடக்கத்தில் முன்வரிசையைப் பற்றிச் சொன்னேன். அங்கே வீற்றிருக்கும் பெரியோர்களை ஒன்று கேட்க விரும்புகிறேன். மகள் கேட்பதாகக் கொள்ளுங்கள். நீங்கள் பத்தாண்டுகளாக இங்கே இலக்கியம் சுவைக்கிறீர்கள். இந்த மாலை நேரத்தில் உங்கள் துணைவியர் என்ன செய்து கொண்டிருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் கதை படித்தவர்கள், பாட்டுப் பாடியவர்கள்? பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். வர விருப்பமில்லை என்றால், அன்று அவர்களுக்கு அந்த வீட்டைத் தனிமையோடு விட்டுவிட்டு வாருங்கள்; திரும்பிச் சென்றதும் இரவு உணவை நீங்கள் சமையுங்கள்.

அம்மாவிடம் அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. ரசத்துக்கு அவர் அதைப் பார்ப்பதில்லை. அவருக்குக் கண்ணளவு போதும். ஆனாலும் அடுக்களை அலமாரியில், பெயர்ச்சீட்டு ஒட்டிய பருப்பு டப்பாக்களின் அருகிலேயே அதை வைத்திருக்கிறார்.