சினத்திற்கு விலை: ஓர் இசைத்தொகுப்பும் அதன் வரவேற்பும்

(பண்பாட்டுப் பணியில் ஈடுபட்டுள்ள கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு ஓர் அமெரிக்க ராப் இசைத்தொகுப்பு பொருளாக அமைந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். இளைஞர்கள் கேட்கும் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கருத்துகள் வெளிப்படுகின்றன. அது ஏகாதிபத்தியப் பண்பாட்டுச் சீரழிவு, எனவே ஒதுக்குவோம் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டவர்கள் பாடுகிறார்கள், எனவே அது புரட்சிக் கலை என்பது மற்றொன்று. இரண்டுமே ஆய்வு தொடங்குமுன் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. என்.டபிள்யூ.ஏ. குழு 1988இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ என்ற தொகுப்பை எடுத்துக்கொண்டு, இக்கருத்துகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்ப்போம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம்

காம்ப்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு நகரம். கறுப்பின மக்களுக்கு வீடு விற்கலாகாது என்னும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பிறகே அங்கு அவர்கள் பெருமளவில் குடியேற முடிந்தது. சுற்றிலும் இருந்த டயர், கார், எஃகு ஆலைகளில் சங்கம் பெற்றுத்தந்த ஊதியமும், சொந்த வீடும் ஒரு தலைமுறைக்கு வாய்த்தன.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும், வெர்னனில் பெத்லஹேம் எஃகு ஆலையும் 1982இல் மூடப்பட்டன. தந்தையர் வேலை இழந்த தெருக்களில் மகன்களுக்குக் கிராக் என்னும் மலிவான கொக்கைன் வணிகம் காத்திருந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டம் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் தூள் கொக்கைனுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையாக ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. கறுப்பினச் சேரியின் சரக்கு எது, செல்வர் விருந்தின் சரக்கு எது என்பதைச் சட்டம் நன்கறிந்திருந்தது. 1988 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், தெற்கு லாஸ் ஏஞ்சல்சில் போலீசார் 1,453 பேரைக் கைது செய்தனர். பெரும்பாலோர் மீது எந்த வழக்கும் இல்லை.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதே மண்ணில் 1960களின் இறுதியில் கருஞ்சிறுத்தைகள் கட்சி வேரூன்றியிருந்தது. அதன் உள்ளூர்த் தலைவர்கள் இருவர் 1969 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் அதன் அலுவலகத்தைச் சிறப்பு ஆயுதப் போலீசார் முற்றுகையிட்டுத் தாக்கினர். ஆலையோடு சங்கமும், அடக்குமுறையால் கட்சியும் போயின. எஞ்சியது சினம். அந்தச் சினத்திற்குக் கிடைத்த மேடை ஒலிப்பதிவுக் கூடம்.

அரசின் எதிர்வினை

ஈஸி-ஈ, ஐஸ் கியூப், டாக்டர் ட்ரே, எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா ஆகியோர் இருபதை ஒட்டிய வயதினர். காவல்துறையை வெளிப்படையாகச் சாடும் அவர்களது பாடல் ஒரு நீதிமன்றக் காட்சியாக அமைக்கப்பட்டது. அதில் நீதிபதி கறுப்பின இளைஞர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போலீஸ்காரர். அன்றாடம் கூண்டில் நிற்பவர்கள் இருக்கையை மாற்றிப் போட்டதுதான் அப்பாடலின் வலிமை.

1989 ஆகஸ்டில் கூட்டரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி ஒருவர், தொகுப்பை விநியோகித்த பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அப்பாடல் போலீசாருக்கு எதிரான வன்முறையைத் தூண்டுகிறது என்றும், 1988இல் 78 அதிகாரிகள் பணியின்போது கொல்லப்பட்டனர் என்றும் அதில் குறிப்பிட்டார். போலீசாரால் தாக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கடிதத்தில் இல்லை. டெட்ராய்ட் நிகழ்ச்சியில் அப்பாடலைத் தொடங்கியதுமே போலீசார் மேடையை நோக்கிப் பாய்ந்தனர்.

சந்தையின் எதிர்வினை

வானொலிகள் பாடல்களைத் தவிர்த்தன. தலைப்புப் பாடலின் காணொலியை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. ஆயினும் 1989 முடிவதற்குள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. தடையே விளம்பரமாயிற்று. உலர் திராட்சை விளம்பரப் பொம்மைகளின் பாட்டை விற்று வளர்ந்த நிறுவனமே இதையும் விற்றது. மூலதனத்திற்குத் திராட்சையும் சினமும் ஒன்றே. வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் புறநகர்களில் வசதியாக வாழ்ந்த வெள்ளையின இளைஞர்கள். காம்ப்டனின் அன்றாடத் துயரம் அவர்களுக்கு மாலைநேரக் கிளர்ச்சியாகப் பரிமாறப்பட்டது.

உற்பத்தி உறவையும் பாருங்கள். பாடல் வரிகளில் பெரும்பங்கு எழுதிய ஐஸ் கியூப், தமக்குரிய பணம் தரப்படவில்லை என்று கூறி 1989 இறுதியில் குழுவை விட்டு விலகினார். உலகத்தை எதிர்த்துப் பாடிய குழுவின் உள்ளே முதலாளி–தொழிலாளி முரண்பாடு அப்படியே இருந்தது. 1991 மார்ச்சில், அதாவது ராட்னி கிங்கைப் போலீசார் அடித்து நொறுக்கிய அதே மாதத்தில், ஈஸி-ஈ குடியரசுக் கட்சியின் நிதி திரட்டும் விருந்தில் விருந்தினராக அமர்ந்திருந்தார். 2014இல் டாக்டர் ட்ரே பங்குதாரராக இருந்த பீட்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. அரசு மிரட்டியும் அடக்க முடியாததைச் சந்தை உள்ளிழுத்துக்கொண்டது.

பெண்கள் எழுப்பிய கேள்வி

இத்தொகுப்பில் பெண்கள் பேசப்படும் விதம் இழிவானது. இதை மென்று விழுங்கிப் பேசுவது நேர்மையன்று. ஆலை மூடலால் நொறுங்கிய ஆணின் தன்மதிப்பு, தன்னினும் கீழாக வைக்கப்பட்ட பெண்ணின் மீது காறி உமிழ்கிறது. குடியுரிமை இயக்கத்தில் அணிவகுத்து வந்த சி. டெலோரஸ் டக்கர் போன்ற கறுப்பினப் பெண்கள் 1990களில் இவ்வகைப் பாடல்களை எதிர்த்து இசைத்தட்டுக் கடைகளின் முன் மறியல் செய்தனர். அவர்களது எதிர்ப்பை வலதுசாரிகள் தணிக்கைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். அதற்காக அப்பெண்களின் கேள்வி தவறாகிவிடாது.

திசை தவறும் ஆபத்து வேறிடத்திலும் வெளிப்பட்டது. 1991 மார்ச்சில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைக் கொரிய மளிகைக் கடைக்காரர் சுட்டுக் கொன்றார். கொலையாளிக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. சினம் நியாயமானது. ஆனால் அதே ஆண்டு ஐஸ் கியூப்பின் பாடலொன்று அதைக் கொரிய வணிகர் அனைவர் மீதும் திருப்பியது. ஆலையை மூடியவர்கள் பாடலுக்கு வெளியே பத்திரமாக இருந்தார்கள்.

1992 கற்பித்தது

1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங்கை அடித்த போலீசார் நால்வரையும் தண்டிக்க மறுத்து நடுவர் குழு தீர்ப்பளித்தது. அக்குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பாடலின் நீதிமன்றம் தண்டித்தது. உண்மையான நீதிமன்றம் விடுவித்தது. நகரம் எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 100 கோடி டாலர் சொத்து அழிந்தது. எரிந்தவற்றில் ஏழைகள் பொருள் வாங்கும் கடைகளே மிகுதி.

கலகத்திற்குப் பாடலே காரணம் என்றனர் சிலர். அதே நகரின் வாட்ஸ் பகுதி 1965இல் எரிந்தபோது ராப் இசை பிறக்கவே இல்லை. பாடல் சாட்சி சொன்னது. மேலே குறிப்பிட்ட எஃப்.பி.ஐ. கடிதம் நகருக்கு வந்து சேர்ந்தபோதே அச்சாட்சியத்தைக் கேட்டு ஒருவரேனும் காவல்துறையை விசாரித்திருக்கலாம். சாட்சியையே குற்றவாளியாக்கினார்கள். ஆனால் சாட்சி சொல்வதற்கு அப்பால் பாடலால் செல்ல முடியவில்லை. சங்கமும் கட்சியும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பாடகர்கள் நிரப்பவில்லை என்று அவர்களைக் குறைசொல்வது பொருந்தாது.

நமக்கு இதில் என்ன?

தாராவியின் சந்துகளில் இன்று இளைஞர்கள் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து ராப் பாடுகிறார்கள். 2019இல் ‘கல்லி பாய்’ திரைப்படம் மும்பைச் சேரியின் இந்த இசையை நாடெங்கும் விற்பனைக்குக் கொண்டுசென்றது. பஞ்சாலைகள் மூடப்பட்ட நகரம் அது என்பதை மறவாதீர்கள்.

அவ்விளைஞர்களிடம் நாம் தணிக்கை அதிகாரிகளாகப் போகக் கூடாது. போலீசாரும் வலதுசாரிகளும் ஒரு பாடலைத் தடை செய்யக் கோரும்போது நம் இடம் பாடகர் பக்கமே. அதே வேளையில், அப்பாடல் பெண்ணையோ சக ஒடுக்கப்பட்டவரையோ இழிவுபடுத்தினால் அதைப் பாடியவரிடமே முகத்துக்கு நேராகச் சொல்லும் தோழமை வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் பாடுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்களது ஒப்பந்தத்தில் எவ்வளவு பணம், பாடலின் உரிமை யாருக்கு என்று கேட்டு, உழைப்பாளிகளாக அவர்களை ஒன்றுதிரட்ட உதவ வேண்டும். குடிசை அகற்றலை எதிர்க்கும் கூட்டத்தில் பாட அழைத்தால், கூட்டம் முடிந்த பின் அவர்களுடன் பேச ஒரு தோழர் அங்கே இருக்க வேண்டும்.

காம்ப்டனில் அந்த இளைஞர்களைத் தேடி ஒலிப்பதிவு நிறுவனம் வந்தது, போலீஸ் வந்தது, கடைசியில் ஆப்பிளும் வந்தது. நம் தெருக்களில் அவர்களுக்கெல்லாம் முன்பாக நாம் போய்ச் சேர வேண்டும்.