ஒரு பிள்ளையைப் பற்றி எழுதிய கடிதம்

(நூற்றாண்டு விழாவின் விளையாட்டுத்துறை அமர்வில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



'விளையாட்டும் பெண் கல்வியும்' என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். அதைத் தொடங்கினால் பகல் சாப்பாட்டையும் தாண்டிப் போய்விடுவேன். ஆகவே ஒரேயொரு கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

சென்ற வருடம் அமெரிக்காவிலிருந்து நம் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நம் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணியின் வீடியோவை வாட்ஸ்அப்பில் பார்த்திருக்கிறார். "டீச்சர், ஏழாம் இலக்கம் போட்ட அந்தப் பிள்ளைக்கு இங்கே ஒரு கல்லூரியில் புலமைப்பரிசிலோடு இடம் தேடலாமா? பயிற்றுநர்களுக்கு அனுப்ப ஒரு மதிப்பீடு எழுதித் தாங்க" என்றார்.

அன்றிரவே எழுதினேன். மிகத் திறமையான வீராங்கனை, கடும் உழைப்பாளி, ஒழுக்கமான பிள்ளை. காலையில் வாசித்துப் பார்த்தேன். நான் படிப்பித்த எந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் அந்தக் கடிதம் பொருந்தும். கிழித்துப் போட்டேன்.

எனக்குப் பயம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் இப்படியொரு கடிதத்தை நம்பி, கொழும்பில் ஒரு நிறுவனம் நம் பிள்ளை ஒருத்தியைத் தன் அணிக்கு எடுத்தது. 'இரு கையாலும் பந்தைக் கொண்டுபோகக் கூடியவள்' என்று எழுதியிருந்தேன். நெருக்கித் தடுக்கும் அணிக்கு எதிராக அவளை நான் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு வருடம் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிழை அந்த நிறுவனத்தினுடையதும் அல்ல, அவளுடையதும் அல்ல. பிறகு ஒரு நாள் முத்துமாரியம்மன் கோயில் தேரன்று எதிரே வந்தாள். "டீச்சர் சுகமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனவே இந்த முறை பஸ் ஏறிப் போய், ஏழாம் இலக்கம் ஆடிய மூன்று ஆட்டங்களை முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை, மடியில் ஒரு கொப்பியோடு பார்த்தேன்.

அவள் ஆடுவது 'கார்ட்' இடத்தில். உங்களில் பலர் வலைப்பந்து ஆடியவர்கள். அங்கே பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது, கொண்டு ஓடவும் முடியாது. கூடைப்பந்தில் கார்ட் பந்தைத் தட்டிக்கொண்டு எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், இருபத்து நான்கு விநாடிக்குள் அவளது அணி கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள் என்று தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடும் பிள்ளை எவ்வளவு வேகமானவளாக இருந்தாலும் நல்ல கார்ட் அல்ல.

முதல் ஆட்டத்தில் 26 புள்ளிகள். மைதானமே கைதட்டியது. என் கொப்பியில் பார்த்தால் அதில் 16, பயந்துபோன சின்னப் பிள்ளைகளின் கையிலிருந்து பந்தைப் பறித்துத் தனியாக ஓடிப் போட்டவை. கால் வேகம் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவும் அந்த 16தான்!

இரண்டாவது ஆட்டம் கண்டியிலிருந்து வந்த ஒரு பலமான அணியோடு. அவர்கள் அரை மணி நேரத்துக்குள் அவளுடைய இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இடது பக்கம் தள்ளினால் பந்து கையை விட்டுப் போகும். அன்று ஒன்பது தடவை பந்தை இழந்தாள். அவள் கொடுத்த பந்தில் மற்றவர்கள் போட்ட கூடைகள் ஐந்து. அவளுடைய புள்ளி எட்டு. நாமும் தோற்றோம்.

ஆனால் அதே ஆட்டத்தின் கடைசிப் பகுதியைச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் மேசைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார், இவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தானாகவே ஆட்டத்தை மாற்றினாள். நெருக்க வருமுன்பே பந்தைக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் வேறிடத்தில் திரும்ப வாங்கினாள். ஒரு சின்னவள் இரண்டு முறை இவள் கொடுத்த பந்தை நழுவவிட்டாள். மூன்றாம் முறையும் அவளுக்கே கொடுத்தாள், ஆனால் இந்த முறை நிலத்தில் தட்டி, மெதுவாக. இதைக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினேன். இடது கையைப் பழக்கலாம். இதை எப்படிப் பழக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவது ஆட்டம் மழையால் பாதியில் நின்றது.

உயரத்தையும் மறைக்கவில்லை. ஐந்து அடி மூன்று அங்குலம். அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் மக்ஸி போக்ஸ் என்பவர் இதே உயரத்தோடு 14 பருவங்கள் ஆடினார். ஆனால் அவர் ஒருவரைக் காட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை காட்டக் கூடாது. மறுபக்கம் நம் தர்ஜினி சிவலிங்கத்தை எடுங்கள். அவருடைய உயரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்டவராக அவரை ஆக்கியதில் உயரத்தோடு குறி தவறாத கையும் சேர்ந்திருந்தது. இந்திய அணியின் தலைவியாக இருந்த சென்னை அனிதா பால்துரையும் கார்ட்தான். தென்னக ரயில்வேயில் வேலை பார்த்தபடி ஆடினார், 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே விளையாட்டு வேலைக்கும் வழியாகிறது.

இங்கே வழி எது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி இருக்கிறது. அதற்குத் தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் சாதனை வேண்டும், உயர்தரத்தில் மூன்று பாடங்களும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். ஓட்டக்காரி தனியாக ஓடித் தேசிய மட்டத்துக்குப் போய்விடுவாள். கூடைப்பந்துக்காரி அப்படிப் போக முடியாது. அணி மாகாணத்தில் தோற்றால், அவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சான்றிதழ் அங்கேயே நின்றுவிடும். நம் போன்ற கல்லூரிகளின் பிள்ளைகள் அகப்படும் பொறி இது. இதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசுவதில்லை.

அமெரிக்க வழியும் நேரானதல்ல. முதற் பிரிவில் மாத்திரம் 350க்கு மேற்பட்ட பெண்கள் அணிகள் உண்டு, ஆனால் உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாட அலகுகள் கேட்கிறார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது. ஆங்கிலமும் வேண்டும்.

நம் குழுவில் சிலர், பிள்ளையை உடனே கண்டியிலோ கொழும்பிலோ ஒரு பெரிய பாடசாலைக்கு மாற்றலாம் என்கிறார்கள். நல்ல எண்ணந்தான். எனக்கு உடன்பாடில்லை. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடந்தான் இருக்கிறது. தாய் இறத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பெரிய பாடசாலையில் இவள் மூன்றாவது கார்ட். வாங்கில் இருப்பது என்ன என்று எனக்கு ஒருத்தி கற்றுத் தந்திருக்கிறாள்.

கடைசியில் எழுதிய கடிதம் ஒரு பக்கந்தான். ஒன்பது இழப்பையும் எழுதினேன், அந்தச் சின்னவளுக்குக் கொடுத்த மூன்றாவது பந்தையும் எழுதினேன். கத்தரித்த வீடியோ வேண்டாம், தோற்ற ஆட்டத்தை முழுதாக அனுப்புங்கள் என்றேன். அனுப்பு முன் அவளையும் தாயையும் கூப்பிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். "இடது கை சரிவர எவ்வளவு நாள் ஆகும் டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆறு கல்லூரிகளுக்குப் போனது. ஒரு பயிற்றுநர் மட்டும் பதில் போட்டார். ஆறு மாதம் கழித்து இடது கையைக் காட்டும் இன்னொரு முழு ஆட்டம் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வாக்கும் தரவில்லை.

இப்போது பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், மடுவத்துச் சீமெந்துத் தரையில் இடது கையால் பந்து தட்டுகிறாள். அந்தப் பந்து தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஆறாம் இலக்கப் பந்து ஒன்று வேண்டும். பஸ் சீசன் டிக்கட்டுக்கும், பொருளியல் வகுப்புக்கும், ஆங்கில வகுப்புக்கும் உயர்தரம் முடியும்வரை பணம் வேண்டும். கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஆட்டம் நவம்பரில். நல்ல கமரா உள்ள தங்கைமார் யாராவது வர முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள். இடையில் நிறுத்தாமல் முழு ஆட்டத்தையும் எடுக்க வேண்டும்.