கையிருப்பும் காலமறிதலும்

(கிழக்கேகோட்டையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிழக்கேகோட்டைவாசிகளாகிய நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் ஆராட்டு ஊர்வலம், விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. அவ்விரு நாட்களிலும் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தி வைக்கப்படுகிறது. இறைவனுக்காக விமானங்கள் காத்து நிற்கும் ஊர் நம் ஊர். ஆனால், ஆராட்டு நேரம் விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும். இடவப்பாதி மழை எந்த நிமிடத்தில் ஓடுபாதையை மறைக்கும் என்று எவராலும் நேரம் குறித்துக் கூற இயலாது. அத்தகைய வேளையில் விமானி தம்மிடமுள்ள எரிபொருளை எவ்வாறு காக்கிறார் என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

நம் இல்லங்களில் வளைகுடா நாட்டில் பிள்ளை இல்லாத இல்லம் அரிது. என் தமக்கை மகனும் அங்கே பணிபுரிகிறான். ஓர் ஆனி மாத இரவில் அவன் வரவுக்காகக் குடையும் கையுமாக நிலைய வாயிலில் நின்றோம். மேகத்திற்குள் விமானத்தின் ஒலி கேட்டது, விமானம் இறங்கவில்லை. பின்னர், அது வேறோர் ஊருக்குத் திருப்பி விடப்பட்டதாக அறிவித்தார்கள். தமக்கையார் கண் கலங்கினார். நானோ விமானியை வாயார ஏசினேன். “இன்னும் ஒரு முறை முயன்றால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டேன். குறைவது யாது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

விமானத்தின் எரிபொருட் கணக்கு, நம் தாய்மார்கள் போடும் மாதக் கணக்கை ஒத்தது. தரையில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல ஒரு பங்கு. பயணத்திற்கு ஒரு பங்கு. எதிர்க்காற்று போன்ற எதிர்பாராச் செலவுக்குப் பொதுவாகப் பயணப் பங்கில் நூற்றுக்கு 5. சேருமிடத்தில் இறங்க இயலாவிடில் மாற்று நிலையத்திற்குச் செல்ல ஒரு பங்கு. இவற்றிற்கெல்லாம் அடியில் இறுதிச் சேமிப்பு ஒன்று உண்டு. 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடப் போதுமான அளவு அது. இல்லத்தில் எவர் கேட்டாலும் திறவாத உண்டியல் போன்றது அச்சேமிப்பு. அதைத் தொடாமல் தரையிறங்குவதே முறை.

“தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டால் என்ன?” என்று கேட்பீர்கள். சுமக்கும் எரிபொருளுக்கும் எடை உண்டு; அதைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். மேலும், இறங்குகையில் விமானம் இவ்வளவு எடைக்கு மேற்படலாகாது என்று வரையறை உண்டு. பாரம் மிகுந்த விமானம் நனைந்த ஓடுபாதையில் நிற்க அதிகத் தொலைவும் வேண்டும். ஆகையால் மழைக்காலத்தில் விமானி சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார், அளவின்றி எடுத்துக்கொள்வதில்லை. சேருமிடத்தில் புயலென்று தெரிந்தால், புறப்படும் இடத்திலேயே இயந்திரத்தை நிறுத்திக் காத்திருப்பதும் சிக்கனமே. வானத்தில் காத்திருப்பதைவிடத் தரையில் காத்திருப்பது மேல் அன்றோ?

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் காலையில் நம் ஊர் வானத்திலேயே நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 140க்கும் மேற்பட்டோர் இருந்தனர். கொச்சியில் ஓடுபாதை தெளிவாகத் தென்படாமையால் மூன்று முறை முயன்றும் இறங்க முடியவில்லை. பின்னர் திருவனந்தபுரத்தை நோக்கித் திரும்பியது. இங்கும் பார்வைத் தெளிவு குன்றியது. இங்கும் மூன்று முயற்சிகள் வீணாயின. இறங்க முடியாத ஒவ்வொரு முறையும் முழு விசையுடன் மேலேறி, சுற்றி வந்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அவ்வகை விமானம் பறக்கையில் ஒரு மணிக்குச் சற்றேறக்குறைய 2,400 கிலோ எரிபொருளை உண்பது. முடிவில் அபாய அழைப்பு விடுத்து, ஏழாவது முயற்சியில், இறுதிச் சேமிப்பையும் பெரிதும் கரைத்துவிட்ட நிலையில் அது தரை தொட்டது. எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அது ஊழின் கருணையே ஒழிய, கணக்கின் வெற்றி அன்று.

அத்தகைய கருணை எல்லோருக்கும் கிட்டுவதில்லை. 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற ஏவியாங்கா நிறுவனத்தின் விமானம், வானிலைக் கோளாற்றால் ஒரு மணிக்கு மேல் வானில் காக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்து வருவதாக விமானிகள் கூறினார்கள். ஆனால், ‘ஆபத்து நிலை’ என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு முறை இறங்க முயன்று தவறியபின், இயந்திரங்கள் அணைந்து விமானம் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். இன்று இதற்கென வரையறுத்த சொற்கள் உள்ளன. இனித் தாமதம் தாங்காது எனில் ‘மினிமம் பியூவல்’. இறுதிச் சேமிப்பில் கைவைக்க நேரும் எனில் ‘மேடே பியூவல்’. அவற்றைச் சொல்லக் கூச்சம் கூடாது.

அன்பர்களே! வழிகள் பல திறந்திருக்கும்போதே திரும்பிவிடுவது கோழைத்தனம் அன்று; காலமறிதல் ஆகும். அன்றிரவு தமக்கை மகனைச் சுமந்து வேற்றூர் சென்ற அந்த விமானி, உண்டியலைத் திறவாமலே அவனைத் தரை சேர்த்தார். மறுநாள் மாலை அவன் இல்லம் வந்து, தமக்கையார் இட்ட இலையில் அமர்ந்து உண்டான். ஒரு நாள் தாமதத்தில் நாம் இழந்தது ஒரு வேளைச் சோறுதான். அடுத்த மழைக்காலத்தில் நிலைய வாயிலில் காத்து நிற்கையில், மேலே வட்டமிடும் விமானம் அகன்று செல்லக் கண்டால், ஏசாதீர்கள். நம் பிள்ளையை எண்ணியே அவர் திரும்பினார் என்று வாழ்த்தி வீடு திரும்புங்கள்.