கண்ணிகளால் ஆன சால்வை

பெங்களூரின் மார்கழிக் குளிருக்குக் கனத்த கம்பளி வேண்டுவதில்லை. தோள்மீது இலேசாகக் கிடக்கும் பின்னல் சால்வையே போதும். அதற்கேற்ற பட்டு நூலும் அருகிலேயே கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் திப்பு சுல்தான் ஊக்குவித்த பட்டுத்தொழில் மைசூர்ச் சீமையில் வேரூன்றிற்று. 1948-இல் அமைந்த மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் இந்நகரில்தான் உள்ளது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இராமநகரத்தில், பெரியதொரு பட்டுக்கூட்டுச் சந்தை இருக்கிறது.

'லேஸ்' எனும் ஆங்கிலச் சொல்லின் வேர், சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல். நம் 'கண்ணி'யும் சுருக்கைக் குறிக்கும். தலையிற் சூடும் மாலையையும் குறிக்கும். இச்சால்வைக்கு அவ்விரு பொருளும் பொருந்துகின்றன. ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றினால் ஒரு கண்ணி கூடித் துளை உண்டாகிறது. இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறைகிறது. இரண்டும் சமமாயிருப்பின் அகலம் மாறாது. துளைகள் இலையாகவும் மலராகவும் வடிவு கொள்ளும். ஒரு கண்ணி நழுவினாலோ, அது வரிசை வரிசையாகக் கீழிறங்கிப் பல நாள் உழைப்பைக் குலைத்துவிடும். ஆகையால் ஒவ்வொரு பூவேலை முடிந்ததும், அவ்வரிசைக் கண்ணிகளினூடே மெல்லிய பருத்தி நூலொன்றைக் கோத்து வைத்தல் நன்று. பிரிக்க நேர்ந்தால் அவ்விடத்தோடு நின்றுவிடும்.

இனி, சாயம். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு பசை. சோப்பு நீரில் காய்ச்சி அதை நீக்கிய பின்னரே சாயம் செவ்வனே பிடிக்கும். படிகாரம் ஏற்றிய நூலுக்கு மஞ்சிட்டி செந்நிறமும் மாதுளைத்தோல் மஞ்சள் நிறமும் தரும். சமையல் மஞ்சள் எளிதில் பற்றுமெனினும் வெயிலில் வெளுத்துவிடும். கையால் தோய்க்கும்போது ஒரு சிட்டத்தின் நிறம் மற்றொன்றில் அப்படியே அமையாது. இரு சிட்டங்களை எடுத்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றிப் பின்னினால் வேற்றுமை கலந்து மறையும். தொடங்குமுன் ஈரமான வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பாருங்கள். கறை பட்டால், நீர் தெளியும்வரை அலசுங்கள். இச்சோதனையைத் தவிர்த்தால், முதற் சலவையிலேயே நிறங்கள் கலந்து மாதக்கணக்கான வேலை வீணாகலாம்.

இத்தகைய சால்வையை வாங்குவோர், நிறத்தின் சிறு ஏற்றத்தாழ்வைக் குறையென்று காட்டி விலையைக் குறைக்க முயல்வதுண்டு. அது குறையன்று, கைத்தோய்ப்பின் இயல்பு. சாயம் நிலைக்குமா என்று கேளுங்கள். அதுவே கேட்கத்தக்க கேள்வி. நேர்மையான விடை கிடைத்தபின், பின்னியவர் கேட்கும் கூலியைத் தயங்காது கொடுங்கள்.